உயிர் காலேஜ் கண்ட டாக்டர் பால்ஃபர்

இவ்வாண்டு பள்ளி திறந்த முதல் வாரத்தில், குடும்பத்தோடு சென்று வந்த மறக்க முடியாத சுற்றுலாவைப் பற்றிக் கட்டுரை எழுதி வரும்படி எங்கள் தமிழாசிரியை பணித்தார். மறுநாள் கட்டுரைகளை வகுப்பில் வாசித்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குச் சென்று, ராட்சத ராட்டினத்தில் சுற்றி, செயற்கை அலையில் நனைந்து மகிழ்ந்ததைச் சிலர் எழுதியிருந்தார்கள். ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் அங்கே நுழைவுச் சீட்டு வாங்குவதென்றால் அந்த மாதத்து மளிகைக் கணக்கையே மாற்றி எழுத வேண்டும். ஆகவே மாதவரம், மூலக்கடை, திருவொற்றியூர் பகுதிகளிலிருந்து வரும் எங்களுள் பெரும்பாலோர் எழுதியது ஒரே இடத்தைப் பற்றித்தான். காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றுடன் போய் வந்த வண்டலூர் உயிரியல் பூங்காதான் அந்த இடம்.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். சென்ற பொங்கலுக்கு ஆயாவையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். மாநகரப் பேருந்தில் சென்ட்ரல் வந்து, சாலையைக் கடந்து, பார்க் நிலையத்தில் மின்சார ரயிலுக்காகக் காத்திருந்தோம். அப்போது ஆயா சென்ட்ரல் பக்கம் கையைக் காட்டி, அந்தக் காலத்தில் உயிர் காலேஜ் அங்கேதான் இருந்தது என்றார். அடுத்த நிலையமான எழும்பூர் வந்ததும், இங்கேதான் செத்த காலேஜ் இருக்கிறது என்றார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். உயிருள்ள காலேஜும் செத்துப்போன காலேஜும் எந்த ஊரில் உண்டு என்று நாங்களும் கேட்டோம்.

ஆயா ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஆயாவுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு நாள், பிள்ளைகள் எல்லாரையும் நடத்தியே கூட்டிப்போய் மூர் மார்க்கெட்டின் பக்கத்திலிருந்த மிருகக்காட்சிசாலையைக் காட்டினாராம். கூட்டத்தில் சிங்கம் தெரியவில்லை என்று ஆயா அழுதாராம். நாளெல்லாம் மூட்டை சுமந்த அந்தத் தோளில் மகளைத் தூக்கி உட்கார வைத்தாராம் அவர். உள்ளே போகக் காசு இல்லை. வேர்க்கடலைக்கு மட்டும்தான் செலவு. அதற்குப் பிறகு அப்படி ஒரு நாள் அந்தக் குடும்பத்துக்கு வாய்க்கவில்லை. இன்றைக்கும் சிங்கத்தைப் பற்றி ஆயா பேசுவது குறைவு. அந்தத் தோளைப் பற்றித்தான் பேசுவார்.

துறைமுகத் தொழிலாளி ஒருவர் காசில்லாமல் தம் பிள்ளைகளுக்குச் சிங்கத்தைக் காட்டக்கூடிய ஓர் இடத்தை இந்த ஊருக்குத் தந்தவர் யார்? இந்தக் கேள்வியோடு எங்கள் வரலாற்று ஆசிரியையிடம் போனோம். அவர் நூலகத்துக்கு வழிகாட்டினார். அங்கே நாங்கள் கண்டெடுத்த பெயர்தான் எட்வர்ட் கிரீன் பால்ஃபர். வண்டலூரைத் தேடப்போன நாங்கள், கடைசியில் எங்களைப் போன்ற பெண் பிள்ளைகளின் கதை ஒன்றில் போய் நின்றோம். அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

எட்வர்ட் பால்ஃபர் 1813-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் மாண்ட்ரோஸ் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் பால்ஃபர், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் துறையில் கேப்டனாக இருந்தவர். தாயார் சூசன், ஆங்கிலப் பாராளுமன்றத்தில் புகழ்பெற்றிருந்த ஜோசப் ஹியூமின் சகோதரி. அந்த ஜோசப் ஹியூமின் மகன்தான் 1885-இல் இந்திய தேசிய காங்கிரஸ் தோன்றக் காரணமாயிருந்த ஏ. ஓ. ஹியூம். சரித்திரத் தேர்வுக்கு நாம் மனப்பாடம் செய்யும் ஹியூம், நம் பால்ஃபருக்குத் தாய்மாமன் மகன் என்றறிந்தபோது, ஏதோ தெரிந்த வீட்டுக்குள் நுழைந்ததுபோல் எங்களுக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று.

பால்ஃபர் எடின்பரோ நகரில் அறுவை மருத்துவம் பயின்று, 1833-இல் தகுதி பெற்றார். அடுத்த ஆண்டே இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். வரும் வழியில் மொரீஷியஸ் தீவில் தங்கினார். காடுகளை வெட்டிக் கரும்புத் தோட்டங்களாக்கியதால் அந்தத் தீவு எப்படி மாறிக்கொண்டிருந்தது என்பதை இருபது வயது இளைஞரான அவர் கண்ணால் கண்டார். அந்தக் காட்சி அவர் மனத்தைவிட்டு அகலவேயில்லை.

சென்னை மாகாணப் படையில் உதவி மருத்துவராகச் சேர்ந்த அவர், படைகளோடு பல ஊர்களுக்குச் சென்றார். மருந்து கொடுப்பதோடு தம் வேலை முடிந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. எந்த ஊரில் சிப்பாய்கள் அதிகமாக நோய்வாய்ப்படுகிறார்கள், எந்தப் பருவத்தில் இறக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, அதற்கு இருப்பிடமும் தட்பவெப்பமும் எவ்வாறு காரணமாகின்றன என்று ஆராய்ந்தார். இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றுத் தேர்ந்தார். 1850-இல் சென்னையில் முகமதியர் பொது நூலகம் அமைவதற்கு அவர் முன்னின்று உழைத்தார். வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவர் மற்றவர்களுடைய மொழியைப் படித்து, அவர்கள் படிப்பதற்கு ஒரு நூலகமும் அமையத் துணைநின்றார் என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

மொரீஷியஸில் கண்டதையும் அவர் மறந்துவிடவில்லை. ஒரு நாட்டின் தட்பவெப்பத்தை மரங்கள் எவ்வாறு மாற்றுகின்றன என்பதைப் பற்றி 1849-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காட்டை அழித்தால் ஊற்று வற்றும், மழை பொய்க்கும், பஞ்சம் வரும் என்பதற்குப் பல இடங்களிலிருந்து சான்றுகளைத் திரட்டி அரசாங்கத்தின் முன் வைத்தார். 1856-இல் சென்னை மாகாணத்தில் வனத்துறை அமைந்தது. காட்டைக் காக்க வேண்டுமென்று அதற்கு முன்பே குரல் கொடுத்தவர்களுள் பால்ஃபரும் ஒருவர். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தையும் 2019-ஆம் ஆண்டு குடிநீர்ப் பஞ்சத்தையும் கண்ட சென்னைப் பிள்ளைகள் நாங்கள். ரெட்டேரி நிறைவதையும் வறள்வதையும் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். ஆகவே 1849-இல் எழுதப்பட்ட அந்தக் கருத்து எங்களுக்குப் பழையதாகத் தோன்றவில்லை.

இனி ஆயா சொன்ன காலேஜ் கதைக்கு வருவோம். 1851-ஆம் ஆண்டு சென்னையில் அரசாங்க அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. சென்னை இலக்கியச் சங்கத்தார் கொடுத்த சுமார் 1,100 பாறை, கனிம மாதிரிகளே அதன் முதல் சொத்து. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்தில் அவை வைக்கப்பட்டன. அதற்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர் டாக்டர் பால்ஃபர். காலேஜ் கட்டடத்தில் தொடங்கியதால் ஜனங்கள் அதற்குக் காலேஜ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள் என்பர். 1854-இல் அருங்காட்சியகம் எழும்பூருக்கு மாறிய பிறகும் அந்தப் பெயர் விடவில்லை. பாடம் செய்யப்பட்ட விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருந்ததால் அது செத்த காலேஜ் ஆயிற்று. அப்படியானால் உயிர் காலேஜ் வந்தது எப்படி?

பாறையையும் எலும்பையும் பார்க்க வருவோர் படித்தவர்களாகவே இருப்பது வழக்கம். ஆனால் அருங்காட்சியகத் தோட்டத்தில் புலி முதலான உயிருள்ள விலங்குகளை வைத்ததும், அவற்றைக் காண ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு வந்ததைப் பால்ஃபர் கவனித்தார். வேறொருவராக இருந்தால் கூச்சலும் கூட்டமும் இடைஞ்சல் என்று வாயிலைச் சாத்தியிருப்பார். பால்ஃபரோ, மக்கள் விரும்பி வரும் வழி இதுதான் என்றால் இதையே பெரிதாக்குவோம் என்று எண்ணினார். அக்காலத்தில் ஆற்காட்டு நவாப்பின் சேப்பாக்கம் அரண்மனையில் பல விலங்குகள் வளர்க்கப்பட்டு வந்தன. பால்ஃபர் நவாப்பிடம் பேசி, அந்த விலங்குகள் அனைத்தையும் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகப் பெற்றார். அரண்மனை மதிலுக்குள் சிலர் மட்டுமே பார்த்து மகிழ்ந்த விலங்குகள் இவ்வாறு ஊராருக்குப் பொதுவாயின.

1855-ஆம் ஆண்டு எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் மிருகக்காட்சிசாலை தோன்றியது. இந்தியாவின் முதல் மிருகக்காட்சிசாலை என்று போற்றப்படுவது இதுவே. ஓராண்டுக்குள் விலங்குகள், பறவைகள், ஊர்வன என 300-க்கும் மேற்பட்ட உயிர்கள் அங்கே சேர்ந்துவிட்டன. இடம் போதாமற்போகவே, 1863-இல் அது சென்னை நகராண்மைக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டு, சென்ட்ரல் நிலையத்துக்கு அருகிலிருந்த 116 ஏக்கர் பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு பகுதிக்கு மாற்றப்பட்டது. மக்களின் பூங்கா என்ற பெயருக்கேற்ப அங்கே கட்டணமின்றி அனைவரும் அனுமதிக்கப்பட்டனர். எங்கள் கொள்ளுத் தாத்தா காசில்லாமல் உள்ளே போனதன் காரணம் இப்போது எங்களுக்கு விளங்கியது.

இங்கே ஒரு பொருத்தத்தையும் சொல்ல விரும்புகிறோம். பொழுதுபோக்குப் பூங்கா என்றவுடன் உலகம் நினைப்பது வால்ட் டிஸ்னியை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அவர் அமைத்த டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள். தம் இரு பெண் குழந்தைகள் ராட்டினத்தில் சுற்றுவதைப் பூங்காப் பெஞ்சில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த வேளையில், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்ததாகச் சொல்வார்கள். அதற்குச் சரியாக 100 ஆண்டுகளுக்கு முன்பே, நம் எழும்பூரில் அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து நின்று வாய்பிளந்து பார்க்க ஓரிடம் அமைந்துவிட்டது. டிஸ்னியின் பூங்காவில் கற்பனை விலங்குகள். பால்ஃபரின் காலேஜில் உண்மை விலங்குகள். இரண்டு இடத்திலும் பிள்ளைகள் உட்கார அப்பாக்களின் தோள் உண்டு.

அருங்காட்சியகத்தைப் பால்ஃபர் 1859 வரை கவனித்துவந்தார். அதற்கிடையே இந்திய நாட்டின் செடிகொடிகள், விலங்குகள், மக்கள், தொழில்கள், விளைபொருள்கள் யாவற்றையும் பற்றி அகரவரிசையில் ஒரு கலைக்களஞ்சியம் தொகுத்து, 1857-இல் வெளியிட்டார். பின்னர் அதைத் திருத்தியும் விரித்தும் இரண்டு முறை பதிப்பித்தார். மூன்றாம் பதிப்பு 1885-இல் மூன்று பெருந்தொகுதிகளாக வந்தபோது அவருக்கு வயது 70-ஐத் தாண்டியிருந்தது. பெங்களூரில் 1865-இல் அருங்காட்சியகம் தோன்றியதிலும் அவருக்குப் பங்குண்டு. ஓயாத உழைப்பு என்பதற்கு அவர் வாழ்க்கையே எடுத்துக்காட்டாகும்.

தோழியரே, இதுவரை சொன்னவை வண்டலூரோடு தொடர்புடையவை. இனிச் சொல்லப்போவது நம்மோடு தொடர்புடையது.

அந்நாளில் நம் நாட்டுப் பெண்கள் பலர் நோயுற்றால் ஆண் மருத்துவரிடம் காட்டமாட்டார்கள். மருத்துவமனைக்குப் போவதையும் பல வீடுகளில் அனுமதிக்கமாட்டார்கள். கோஷா வழக்கமுள்ள வீடுகளில் மருத்துவர் உள்ளே வரவும் முடியாது. பிரசவம் சிக்கலானால் தாயும் சேயும் வீட்டு இருட்டறையிலேயே இறந்துபோவதுண்டு. இந்தத் துயரம் பால்ஃபரின் உள்ளத்தை உறுத்தியது. கான்குவெஸ்ட் என்னும் ஆங்கில மருத்துவர் பிரசவ மருத்துவம் பற்றி எழுதிய நூலை அவர் தாமே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளிலும் அதை மொழிபெயர்க்கச் செய்து, தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். ஆனால் புத்தகம் மட்டும் போதாது, பெண்களைக் காக்கப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார்.

1871-இல் அவர் சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைவராகி, சர்ஜன் ஜெனரல் பதவியை ஏற்றார். மறு ஆண்டே, 1872-இல், பெண்களுக்கு மருத்துவக் கல்வி அளிக்க வேண்டிய அவசியத்தை அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தார். அக்காலத்தில் அது எளிய காரியமா? அவர் படித்த எடின்பரோ நகரில் என்ன நடந்தது என்று பார்ப்போம். அங்கே 1869-இல் ஏழு பெண்கள் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். 1870-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர்கள் தேர்வெழுதச் சென்றபோது ஒரு கூட்டம் வழிமறித்துச் சேற்றை வாரி இறைத்தது. தேர்வு நடந்துகொண்டிருந்த மண்டபத்துக்குள் ஓர் ஆட்டைப் பிடித்துத் தள்ளினார்கள். பெண்களும் ஆடும் ஒன்று என்று ஏளனம் செய்தார்கள். கடைசியில் 1873-இல், அந்தப் பெண்களுக்குப் பட்டம் தர இயலாது என்று முடிவாகிவிட்டது.

எடின்பரோ சாத்திய கதவைச் சென்னை திறந்தது. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் மாணவிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். அதற்குத் துணைநின்றவர்கள் வேறு சிலரும் உண்டு. எனினும் துறையின் தலைவரே வேண்டுமென்று சொன்னதால்தான் கதவு அசைந்தது. அந்த நால்வருள் ஒருவர் மேரி ஷார்லீப். வழக்கறிஞரான தம் கணவரோடு சென்னைக்கு வந்து, இங்குள்ள பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைக் கண்டு, பிள்ளை பெற்ற தாயாக இருந்தும் மறுபடி மாணவியானவர் அவர். பின்னர் லண்டனுக்குச் சென்று 1882-இல் பட்டம் பெற்று, மீண்டும் சென்னைக்கே திரும்பி வந்தார். அவருடைய முயற்சியால் 1885-இல் கோஷாப் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை ஏற்பட்டது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் விளங்குவதும், பழைய மனிதர்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைப்பதும் அதுவே. அதே மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்று, பின்னாளில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. முதல் நால்வர் நடந்த வழியிலேதான் அவரும் நடந்தார்.

டாக்டர் பால்ஃபர் 42 ஆண்டுகள் இந்தியாவில் உழைத்தபின் 1876-இல் தாயகம் திரும்பினார். 1889-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் லண்டனில் காலமானார். மருத்துவம் பயிலும் பெண்களை ஊக்குவிப்பதற்காக 1891-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் ஒரு தங்கப் பதக்கம் நிறுவப்பட்டது. புலியும் சிங்கமும் கொண்டுவந்தவருக்குப் பெண் மருத்துவர்களின் பெயரால் நினைவுச் சின்னம் எழுந்தது என்பதைப் படித்தபோது எங்கள் உள்ளம் நெகிழ்ந்தது.

அவரிடம் குறையே இல்லையா என்று கேட்கலாம். அவர் கம்பெனி ஆட்சியின் அதிகாரி. நம் நாட்டுப் பொருள்களைக் கணக்கெடுத்ததால் பயன்பெற்றவர்களுள் ஆங்கிலேய வியாபாரிகளும் உண்டு. அக்காலத்து மிருகக்காட்சிசாலையில் விலங்குகள் குறுகிய கம்பிக் கூண்டுகளில்தான் கிடந்தன. காட்டில் பல மைல் நடக்கும் புலி, நாலு எட்டு வைத்தால் சுவரில் முட்ட வேண்டியிருந்தது. கொள்ளுத் தாத்தாவின் தோளிலிருந்து ஆயா பார்த்த சிங்கமும் அப்படிக் கிடந்ததுதான். அந்தச் சிங்கத்துக்கு அது மகிழ்ச்சியான நாளாக இருந்திருக்காது. இதை உணர்ந்து பிற்காலத்தார் திருத்தினார்கள். இட நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1976-இல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டு, 1979-இல் வேலை தொடங்கி, 1985-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே கூண்டுக்குப் பதில் அகழியும் மரங்களும் விலங்கையும் மனிதரையும் பிரிக்கின்றன. அதே ஆண்டு மே மாதம் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. ஆயாவின் ஏழு வயது உலகம் இவ்வாறு ஒரே ஆண்டில் இரு வகையாக இடம்பெயர்ந்தது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, எங்கள் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினோம். அப்போது வீட்டில் வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்புக்குப் பின் பதினொன்றில் எந்தப் பிரிவு எடுப்பது என்பதே அந்தப் பேச்சு. உயிரியல் எடுத்து மருத்துவத்துக்கு முயல வேண்டும் என்பது எங்கள் ஆசை. பெண் பிள்ளைக்கு அவ்வளவு நீண்ட படிப்பு எதற்கு, கணக்குப் பதிவியல் எடுத்தால் சீக்கிரம் வேலைக்குப் போகலாமே என்பது பெரியப்பாவின் கருத்து. அவர் எங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார். செலவையும் எண்ணித்தானே ஆக வேண்டும்! எங்கள் வகுப்பில் இதே பேச்சு நடக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ உண்டு.

ஆயா அதுவரை எதுவும் பேசாமல் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்போடு தம் படிப்பு நின்றதையும், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாததால் நர்ஸ் ஆகும் ஆசையை விட்டதையும் அன்றுதான் சொன்னார். பிறகு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் தாம் பிறந்த கதையைச் சொன்னார். பிரசவம் கடினமாகி, கொள்ளுப் பாட்டி பிழைப்பது அரிது என்றிருந்தபோது, ஒரு லேடி டாக்டர் இரவெல்லாம் பக்கத்திலிருந்து இருவரையும் காப்பாற்றினாராம். அந்த டாக்டரின் பெயர் யாருக்கும் நினைவில்லை. அவரைப் படிக்க வைத்த வீட்டில் யாராவது ஒருவர் சரியென்று சொல்லியிருப்பார் அல்லவா என்று ஆயா பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார். பெரியப்பா பதில் சொல்லவில்லை. தேர்வு முடிவு வரட்டும், பார்ப்போம் என்று அப்பா மட்டும் சொன்னார்.

அந்தப் பதிலே எங்களுக்கு இப்போது போதும். கதவு முழுவதும் திறக்கவில்லை. ஆனால் அது தாழிடப்படவில்லை.

பால்ஃபரின் வாழ்க்கையிலிருந்து நாங்கள் கற்றது ஒன்றே ஒன்று. அறிவென்பது அரண்மனைக்குள்ளும் சங்கத்துக்குள்ளும் கல்லூரி மதிலுக்குள்ளும் சிலருக்கு மட்டும் கிடைத்துவந்த காலத்தில், அவர் கைபட்ட இடத்திலெல்லாம் ஒரு வாயில் திறந்தது. ஒரு வாயிலின் வழியே துறைமுகத் தொழிலாளி தம் மகளைத் தோளில் சுமந்து உள்ளே சென்றார். இன்னொரு வாயிலின் வழியே நான்கு பெண்கள் புத்தகத்தோடு உள்ளே சென்றார்கள். அந்த மகள் பிழைத்துப் பிறந்ததே இரண்டாவது வாயிலின் வழியே சென்ற பெண்களின் வழிவந்த ஒருவரால்தான்.

பெற்றோர்களே, அடுத்த விடுமுறைக்கு எங்களை எங்கே அழைத்துப் போனாலும் மகிழ்ச்சியே. பெரிய ராட்டினமானாலும் சரி, காணும் பொங்கலன்று வண்டலூரானாலும் சரி. உடன் வருவது நீங்கள் என்றால் அந்த நாள் எங்களுக்கு ஆயுள் முழுவதும் நினைவிருக்கும். ஆனால் போகும் வழியில் ரயில் எழும்பூரில் நிற்கும்போது, ஒரு நிமிடம் ஜன்னல் பக்கம் எங்களுக்கு இடம் கொடுங்கள். செத்த காலேஜ் என்று ஊரார் வேடிக்கையாய்ப் பெயர் வைத்த இடத்துக்கு அங்கிருந்தபடியே ஒரு வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். அங்கிருந்துதான் உயிர் காலேஜ் பிறந்தது. அதைக் கண்டவர் திறந்துவைத்த இன்னொரு காலேஜின் படிக்கட்டில்தான், தேர்வு முடிவை எதிர்பார்த்தபடி நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம்.